42 சிகரம், 24 மணி நேரம், கூட ஒரு சாட்சி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

ஸ்ரீரங்கத்துலேருந்து பேசுறேன். ஃபேன் சத்தம் மைக்ல விழும்னு ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். அதனால இந்த எபிசோடு எவ்வளவு நேரம் போகும்ங்கறதை திருச்சி வெயில்தான் முடிவு பண்ணும்.

காவிரிப் பாலத்துல காலையில ஓடுற நம்ம ஆளுங்க சில பேர் கொஞ்ச நாளா ஒரு கேள்வி கேட்டுட்டிருக்காங்க. "மாரத்தான் பத்தி நிறைய பேசியாச்சு. மலை ஓட்டம் பத்தி எப்ப பேசப்போற? நம்ம ஊர்ப் பக்கத்துலயே கொல்லிமலை, பச்சைமலைன்னு இருக்கே, நாமளே ஒரு சவாலை உருவாக்கினா என்ன?" இதுதான் கேள்வி. பதில் சொல்லணும்னா முதல்ல இங்கிலாந்துல ஒரு சின்ன ஊருக்குப் போயிட்டு வரணும். அங்கதான் இந்த மாதிரி சவால்களுக்கெல்லாம் முன்மாதிரி இருக்கு. அதுக்குப் பேரு பாப் கிரஹாம் ரவுண்ட்.

கணக்கு முதல்ல

இங்கிலாந்தின் வடமேற்குல லேக் டிஸ்ட்ரிக்ட்னு ஒரு மலைப்பகுதி. அதுல கெஸ்விக்னு ஒரு ஊர். ஊர் நடுவுல மூட் ஹால்னு ஒரு பழைய கட்டடம். அந்தக் கட்டடத்து வாசல்ல கிளம்பி, சுத்தியிருக்கிற 42 சிகரங்களைத் தொட்டுட்டு, 24 மணி நேரத்துக்குள்ள அதே வாசலுக்குத் திரும்பி வரணும். விதி அவ்வளவுதான். தூரம் சுமார் 106 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் சுமார் 8,200 மீட்டர். இங்கிலாந்தின் மிக உயரமான சிகரம் ஸ்கேஃபெல் பைக், 978 மீட்டர். அதுவும் இந்த 42-ல ஒண்ணு.

106 கிலோமீட்டரை 24 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு நாலரை கிலோமீட்டர்கூட வராது. அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போற மாமாக்கள் நடக்குற வேகம். "இதுக்கா இவ்வளவு பில்டப்பு"ன்னு தோணும்.

இப்ப அந்த 8,200 மீட்டரை நம்ம ஊர் அளவுக்கு மாத்துவோம். மலைக்கோட்டை சுமார் 83 மீட்டர் உயரம். உச்சிப் பிள்ளையாருக்கு 400-க்கும் மேல படிகள். 8,200-ஐ 83-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 99. அதாவது 99 தடவை மலைக்கோட்டை ஏறி இறங்கணும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல ஒரு கிலோமீட்டர் ஓடணும். ஒரு சுற்றுக்கு உங்களுக்குக் கிடைக்கிறது கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் கம்மி. சாப்பாடு, தண்ணி, ஷூ மாத்துறது எல்லாம் அதுக்குள்ளயே. இதை 24 மணி நேரம் விடாம செய்யணும். அதுவும் நம்ம படி மாதிரி வெட்டி வெச்ச படி கிடையாது. புல், சேறு, உருளுற கல், மழை, மூடுபனி, கொஞ்ச நேரம் இருட்டு.

தயவுசெஞ்சு யாரும் மலைக்கோட்டையில போய் இதை ட்ரை பண்ணாதீங்க. அது மக்கள் சாமி கும்புட வர்ற இடம். கணக்குக்காகத்தான் சொன்னேன்.

கெஸ்ட் ஹவுஸ்காரர் ஓடின ஓட்டம்

பாப் கிரஹாம் கெஸ்விக் பக்கத்துல கெஸ்ட் ஹவுஸ் நடத்தினவர். வயசு நாற்பதைத் தாண்டினவர். 1932 ஜூன் மாசம் இந்த 42 சிகரத்தையும் 23 மணி 39 நிமிஷத்துல சுத்தி வந்தார். கால்ல சாதாரண கேன்வாஸ் ஷூ, பை நிறைய ரொட்டி, வெண்ணெய், அவிச்ச முட்டை, பழம், மிட்டாய். எலக்ட்ரோலைட் பாக்கெட், எனர்ஜி ஜெல் எல்லாம் அப்ப கிடையாது.

அதைவிட எனக்கு சுவாரசியமா பட்டது அடுத்து நடந்ததுதான். இல்ல, நடக்காததுதான். 28 வருஷம் வேற யாராலயும் இதைத் திரும்பச் செய்ய முடியல. அவர் உண்மையிலேயே ஓடினாரான்னு சந்தேகப்பட்டவங்களும் இருந்தாங்க. 1960-ல ஆலன் ஹீட்டன்ங்கறவர் 22 மணி 18 நிமிஷத்துல முடிச்சப்பதான் இது மனுஷனால முடியிற காரியம்னு ஊர் நம்புச்சு.

1971-ல பாப் கிரஹாம் கிளப் ஆரம்பிச்சாங்க. உறுப்பினராக ஒரே வழி, 24 மணி நேரத்துக்குள்ள இந்தச் சுற்றை முடிக்கிறது. கூடவே ஒரு விதி: ஒவ்வொரு சிகரத்துலயும் உங்ககூட ஒரு சாட்சி நிக்கணும். தனியா ஓடி முடிச்சேன்னு வந்து சொன்னா கிளப் பதிவேட்டுல ஏறாது.

கிரஹாம்கூடவும் அன்னிக்குத் துணைக்கு ஆள் ஓடினாங்க. ஆனா 28 வருஷ சந்தேகத்துக்கு அப்புறம் வந்த கிளப்புல சாட்சி ஒரு எழுதின விதியாவே ஆயிடுச்சு.

லாக் வேற, ரிவ்யூ வேற

நான் சாஃப்ட்வேர் ஆளு. சாட்சி விதியைக் கேட்டதும் முதல்ல எனக்கும் வந்த கேள்வி, "வாட்ச்ல ஜிபிஎஸ் இருக்கே, ஸ்ட்ராவாவுல ஏத்தினா போதாதா?"ங்கறதுதான். லாக் ஃபைல் இருக்கும்போது மனுஷன் எதுக்கு?

யோசிச்சுப் பார்த்தா நம்ம வேலையிலயே பதில் இருக்கு. சர்வர் லாக், என்ன நடந்துச்சுன்னு சொல்லும். கோட் ரிவ்யூ பண்றவர் நடக்கும்போதே உங்க தப்பைத் தடுப்பார். பாப் கிரஹாம் ரவுண்ட்ல சாட்சியா வர்றவர் சும்மா கைகட்டி வேடிக்கை பார்க்கிறவர் இல்ல. சுற்றை அஞ்சு கட்டமா பிரிச்சிருக்காங்க. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேற வேற துணை ஓட்டக்காரங்க வருவாங்க. ஒருத்தர் வழி காட்டுவார். இன்னொருத்தர் உங்க சாப்பாடு, தண்ணி, மழைக்கோட்டு எல்லாம் சுமப்பார். யாராவது ஒருத்தர் சிகரத்துல நேரம் குறிப்பார். கட்டம் முடியிற இடத்துல ரோடு இருக்கும். அங்க நாலாவது ஆள் சூடா சூப் வெச்சுக்கிட்டு நிப்பார்.

பதினெட்டாவது மணி நேரத்துல உங்க மூளை வேலை செய்யாது. பசிக்காது, ஆனா சாப்பிட்டே ஆகணும். உடம்பு நடுங்கும், ஆனா கோட்டை எடுத்துப் போடத் தோணாது. அப்ப "இந்தா, இதைச் சாப்பிடு, இதைப் போடு"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். ஜிபிஎஸ் அதைச் சொல்லாது. நீங்க விழுந்து கிடந்தா, விழுந்த இடத்தை மட்டும் ரொம்பத் துல்லியமா பதிவு பண்ணும்.

இதுல கடன் கணக்கும் ஒண்ணு இருக்கு. உங்களுக்காகப் பத்து பேர் ராத்திரியெல்லாம் முழிச்சாங்கன்னா, அடுத்த வருஷம் அவங்கள்ல யாராவது ஓடும்போது நீங்க போய் நிக்கணும். யாரும் எழுதி வாங்கிக்கிறதில்ல, ஆனா எல்லாரும் செய்யறாங்க. இன்னிக்கு அந்தக் கிளப்புல 2,000-க்கும் மேல உறுப்பினர்கள். பரிசுப் பணம் கிடையாது, வழியில அம்புக்குறி கிடையாது, ஓட்டத்தை நடத்துற கம்பெனியும் கிடையாது. 50 வருஷத்துக்கும் மேல இது நிக்கிறது இந்தக் கைமாத்துலதான்.

சில பேரைச் சொல்லிடறேன். பில்லி பிளாண்ட், அந்த ஊர்க் கல் கொத்தனார். 1982-ல 13 மணி 53 நிமிஷத்துல முடிச்சார். அந்தச் சாதனை 36 வருஷம் நின்னுச்சு. 2018-ல ஸ்பெயின்காரர் கிலியன் ஜோர்னெட் 12 மணி 52 நிமிஷத்துல அதை முறியடிச்சப்ப, கெஸ்விக்ல அவரை வரவேற்க நின்னவங்கள்ல பில்லி பிளாண்டும் ஒருத்தர். தன் சாதனை போறதைப் பார்க்க எழுபது வயசுல வந்து நின்னிருக்கார். 2022-ல அமெரிக்காக்காரர் ஜாக் குன்ஸ்லே அதை 12 மணி 23 நிமிஷமா குறைச்சார். பெண்கள்ல பெத் பாஸ்கல் 2020-ல 14 மணி 34 நிமிஷம். நிக்கி ஸ்பிங்ஸ்னு ஒரு விவசாயி. மார்பகப் புற்றுநோயிலேருந்து மீண்டவர். 2016-ல இந்தச் சுற்றை ஒரே மூச்சுல ரெண்டு தடவை ஓடினார், 45 மணி 30 நிமிஷத்துல. அப்புறம் ஜாஸ் நெய்லர், ஆடு மேய்க்கிறவர். 1975-ல 24 மணி நேரத்துக்குள்ள 72 சிகரம் ஏறினவர். 2024-ல காலமானார்.

கெஸ்ட் ஹவுஸ்காரர், கொத்தனார், விவசாயி, மேய்ப்பர். பட்டியலைப் பாருங்க, பாதிப் பேர் அந்த மண்ணுல வேலை பார்த்தவங்க.

மலை யாருக்குச் சொந்தம்?

1932-ன்னு சொன்னேன் இல்லையா, அதே வருஷம் ஏப்ரல் 24-ம் தேதி அதே இங்கிலாந்துல, டெர்பிஷயர்ல, கிண்டர் ஸ்கவுட்னு ஒரு மலைமேட்டுல இன்னொரு சம்பவம். அந்த நிலம் பிரபுக்கள் வேட்டையாட வெச்சிருந்த நிலம். மத்தவங்க நடக்கக் கூடாது. பக்கத்து ஊர் மில் தொழிலாளிகள், இளைஞர்கள்னு சுமார் 400 பேர் அத்துமீறி உள்ள நடந்தாங்க. அஞ்சு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. அந்தக் கோரிக்கை பல வருஷம் வளர்ந்து, 2000-ல திறந்தவெளி மலைகள்ல நடக்கிற உரிமை சட்டமாச்சு. லேக் டிஸ்ட்ரிக்ட்ல கிரேட் கேபிள்னு ஒரு சிகரம், அதுவும் 42-ல ஒண்ணு. அதை ஒரு மலையேற்றக் கழகம் முதல் உலகப்போர்ல இறந்த தங்கள் உறுப்பினர்கள் நினைவா வாங்கி, 1923-ல நேஷனல் டிரஸ்ட்ங்கற பொது அமைப்புக்குக் கொடுத்துச்சு.

ஆக, அங்க ஒருத்தர் ராத்திரி ஒரு மணிக்கு ஹெட்லைட் கட்டிக்கிட்டு மலை ஏற முடியுதுன்னா, அதுக்குப் பின்னாடி ரெண்டு விஷயம் இருக்கு. மலையில கால் வைக்கிற உரிமை ஒண்ணு, கூட நிக்கிற ஆள் ஒண்ணு. நம்ம ஊர்ல ஒரு சவாலை உருவாக்கணும்னா இந்த ரெண்டையும்தான் முதல்ல பார்க்கணும். தூரம், உயரம் எல்லாம் அப்புறம்.

நம்ம மலைகள்

நம்மகிட்ட ஏற்கெனவே ஒரு பெரிய மலைச் சவால் இருக்கு. கோயம்புத்தூர் பக்கத்துல பூண்டியிலேருந்து ஏறுற வெள்ளியங்கிரி. ஏழு மலை. கையில மூங்கில் தடி, ராத்திரி ஏற்றம், விடியும்போது உச்சி. யாரும் அதை ஓட்டம்னு சொல்றதில்ல, நேரமும் எடுக்கறதில்ல. ஆனா கூட நிக்கிற பழக்கம் அங்க நிறைய. முன்னப்பின்ன தெரியாதவங்க, "இதோ வந்துடுச்சு தம்பி, இன்னும் கொஞ்சம்தான்"னு சொல்லிக்கிட்டே இறங்கி வருவாங்க. அது சுத்தப் பொய்னு ரெண்டு பேருக்கும் தெரியும், இருந்தாலும் கால் நகரும். அதே மலையில, இதய நோய் இருக்கிறதைப் பார்க்காம ஏறினவங்க இறந்ததும் நடந்திருக்கு. அதனால சொல்றேன், எந்த மலையா இருந்தாலும் முதல் படி டாக்டர்.

இப்ப உரிமை விஷயம். நம்ம மலைகள்ல பெரும்பகுதி காப்புக்காடு. உள்ள போக வனத்துறை அனுமதி வேணும். 2018 மார்ச் 11-ம் தேதியை யாரும் மறக்க முடியாது. தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீ. மலையேறப் போன ரெண்டு குழுக்கள் மாட்டிக்கிட்டாங்க. 23 பேர் இறந்தாங்க. காய்ஞ்ச புல்லுல தீ மேல்நோக்கிப் பரவும்போது மனுஷனால அதை ஓடி ஜெயிக்க முடியாது. சரிவு கூடக்கூட தீயோட வேகம் கூடும், நம்ம வேகம் குறையும். அதுக்கப்புறம் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 வழிகளைத் திறந்தாங்க. ஆன்லைன்ல பதிவு பண்ணணும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், அதுல பழங்குடி இளைஞர்களும் உண்டு, கூட வருவாங்க. தீ பிடிக்கிற கோடை மாசங்கள்ல மூடிடுவாங்க.

அந்த வழிகாட்டி யாருன்னு நினைக்கறீங்க? அதே சாட்சிதான். வழி தெரிஞ்சவர், காத்து மாறினா முதல்ல உணர்றவர், "போதும், திரும்புவோம்"னு சொல்ற உரிமை உள்ளவர்.

எங்க குழுவுல நடந்த சண்டை

எங்க காலை ஓட்டக் குழுவுல சமீபத்துல ஒரு பெரிய வாக்குவாதம். ஒரு நண்பர், ரொம்ப நல்ல ஓட்டக்காரர், பச்சைமலையிலயும் கொல்லிமலையிலயும் சாட்டிலைட் மேப்பைப் பார்த்து ஒரு சுற்று போட்டுட்டு வந்தார். பார்க்க அழகா இருந்துச்சு. "இதை ஜிபிஎக்ஸ் ஃபைலா போட்டு ஸ்ட்ராவாவுல ஏத்திடுவோம். ஒரு பேர் வெப்போம். தமிழ்நாடு பூரா ஆளு வருவாங்க"ன்னார்.

வழியில பெரும்பகுதி காட்டுக்குள்ள போச்சு. மீதி, மலைமேல வாழுற மலையாளி பழங்குடி மக்களோட ஊர்களுக்கு நடுவுல, அவங்க தினமும் வயலுக்கும் சந்தைக்கும் நடக்குற ஒத்தையடிப் பாதையில. நான் கேட்டேன்: "இந்த ஃபைலைப் பார்த்துட்டு சென்னையிலேருந்து ஒருத்தர் ஏப்ரல் மாசம் தனியா வந்தா, அவருக்கு யார் பொறுப்பு?" அவர் சொன்னார்: "அவங்கவங்க பொறுப்பு. இங்கிலாந்துல மட்டும் யார் பொறுப்பு?" நியாயமான கேள்விதான். குழுவுல பாதிப் பேர் அவர் பக்கம்.

ஆனா அங்க ஒரு தப்பு நடந்தா தன்னார்வ மலை மீட்புக் குழுக்கள் இருக்காங்க. சட்டம் கொடுத்த உரிமை இருக்கு. 90 வருஷமா அந்த வழியில யார் எங்க தவறினாங்கன்னு தெரிஞ்ச ஆட்கள் இருக்காங்க. நம்ம ஃபைல்ல ஒரு நீலக் கோடு மட்டும்தான் இருக்கு. இன்டர்நெட்ல ஏத்தினா அதைத் திரும்ப இறக்க முடியாது. நம்மளை மாதிரி டெப்லாய் பண்ணிப் பழகினவங்களுக்கு இது புரியணும். ரோல்பேக் இல்லாத டெப்லாய்மென்ட் அது.

ரெண்டு வாரம் பேசினோம். கடைசியில ஃபைல் ஏறல. அந்த நண்பர் ஒரு நாள் வருத்தமா இருந்தார். அப்புறம் அவரேதான் மாற்று யோசனையைக் கொண்டுவந்தார். அதை இப்ப சொல்றேன்.

கொல்லிமலை, 70 வளைவு

காரவள்ளியிலேருந்து கொல்லிமலைக்கு ஏறுற சாலையில 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணுக்குப் பலகை வெச்சிருக்காங்க. பொதுச் சாலை. பஸ் போகுது, காட்டுக்குள்ள கால் வைக்க வேண்டியதில்ல. அடிவாரத்துலேருந்து மேல போய்ச் சேரும்போது ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். பாப் கிரஹாம் ரவுண்ட் ஏற்றத்துல எட்டுல ஒரு பங்கு. எங்க சவால்: விடியற்காலை கிளம்பி ஒரு தடவை ஏறி இறங்குறது. ஓடுற ஒவ்வொருத்தருக்கும் ஒரு சாட்சி. ஏறும்போது கூட ஓடுறவர், பத்து வளைவுக்கு ஒரு தடவை நேரம் குறிப்பார். இன்னொருத்தர் பைக்ல தண்ணியோட முன்னாடி போவார். அடுத்த மாசம் ஆள் மாறணும். யார் சாட்சியா நின்னாங்களோ அவங்கதான் ஓடணும். ஒரு தடவை சாட்சியா நிக்காம யாரும் ஓட முடியாது. இது எங்க குழு கிளப்கிட்டேருந்து எடுத்து ஒரு படி தூக்கி வெச்ச விதி.

முதல் தடவை நான் பைக். அம்பதாவது வளைவு தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தினேன். கடைக்கார அக்கா, மூச்சு வாங்க ஓடி வந்த நண்பரைப் பார்த்துட்டு என்கிட்ட, "ஏன் தம்பி, வண்டி உன்கிட்ட இருக்கு, அவரை ஏன் ஓட விடற?"ன்னு கேட்டாங்க. அவருக்கு டீயைக் கொடுத்துட்டு, "இவருகூட வந்துட்டு நீ மட்டும் உக்காந்து வர்றியே"ன்னு எனக்குத் திட்டு வேற.

நடைமுறை விஷயம் மூணு. ஒண்ணு, ஏறுறதைவிட இறங்குறதுதான் தொடையைக் கொல்லும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்பு எடையைத் தாங்குது. தசை நார் அப்பதான் அதிகமா கிழியும். ரெண்டு நாள் கழிச்சு மாடிப்படி இறங்கும்போது தெரியும். அதனால இறக்கத்தையும் தனியா பயிற்சி பண்ணணும், கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டு, நம்ம வெயிலுக்கு வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல உப்பு நீர்த்துப் போகும், அது ஆபத்து. உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு, கடலை மிட்டாய், ஒரு டப்பா புளியோதரை போதும். பாப் கிரஹாமோட அவிச்ச முட்டைக்கு இது சளைச்சது இல்ல. மூணு, கூட வர்ற சாட்சி நிறுத்துன்னா நிறுத்தணும். வாதம் பண்ண அனுமதி இல்ல.

பச்சைமலைச் சுற்று? அதை விட்டுடல. வனத்துறைகிட்ட முறையா எழுதிக் கேட்போம். மேல இருக்கிற ஊர்க்காரங்ககிட்ட முன்கூட்டியே போய்ப் பேசுவோம். அவங்க வழிகாட்டியா வந்தா, கூலியைப் பேசி முடிச்சுட்டு, அவங்க சொல்ற வழியில, அவங்க சொல்ற மாசத்துல. வேண்டாம்னு சொன்னா வேண்டாம். ஆலன் ஹீட்டனே 28 வருஷம் கழிச்சுத்தான் வந்தார், நமக்கு என்ன அவசரம்?

அடுத்த கொல்லிமலை ஓட்டத்துக்கு ஓட்டக்காரங்க நிறையப் பேர் பேர் கொடுத்துட்டாங்க. சாட்சிக்குத்தான் ஆள் பத்தல. வேகமா ஓடத் தெரியணும்னு இல்ல. பைக் ஓட்டத் தெரிஞ்சா போதும், ஒரு பேனா, ஒரு நோட்டு. காலையில நாலரைக்கு முழிக்கணும், அது மட்டும் கஷ்டம். விருப்பம் இருக்கிறவங்க காவிரிப் பாலத்துல எங்களை எந்தக் காலையிலும் பிடிக்கலாம்.

இப்ப ஃபேனைப் போடப்போறேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.